கடைசி லயத்தில் ஆளில்லை

கராம்பு வாசம் போகவே இல்லை. இந்த சீ.ஆர். கொப்பி, நீ எழுதிய தடித்த நோட்டு, ஆறு கிழமையாக என் மேசையில் கிடக்கிறது. திறக்கும்போதெல்லாம் உன் அறை அல்மாரியைத் திறந்த மாதிரி இருக்கிறது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பத்துத் தாளுக்கு இரண்டு கராம்பு வைப்பாயே, அவை காய்ந்து கறுத்துச் சின்ன ஆணி மாதிரி ஆகியும் மணக்கின்றன. நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. உன் கராம்பு உன்னைவிடக் கெட்டிக்காரி.

கோபித்துக்கொள்ளாதே. எனக்கு இப்படித்தான் பேச வரும் என்று உனக்குத் தெரியும். "ஒங்களுக்கு அழுக வந்தா மொதல்ல ஏச்சு தான் வரும் ராத்தா" என்று நீயே சொல்லியிருக்கிறாய். இந்த மடல் முழுக்க உன்னை ஏசுவது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். ஏன் இவ்வளவு சீக்கிரம் போனாய், ஏன் என்னை நம்பினாய், ஏன் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாய் என்று. இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. ஏச்சு வாங்க வேண்டியவள் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ முதன்முதல் எங்கள் நூலகத்துக்குள் வந்தபோது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாய். மாத்தளை டவுனில் யாரும் அப்படி வருவதில்லை. துரை உட்காரும் தோட்டத்துக் கந்தோருக்குள் செருப்போடு போகக்கூடாது என்று பழகிய கால் அது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. ஏதோ விண்ணப்பப் படிவம் வாங்க வந்திருக்கிறாய் என்று நினைத்து, "அது பக்கத்துக் கட்டடம் தங்கச்சி" என்றேன். நீ அசையவில்லை. "நகரத் திட்டமிடல், சமூக ஆய்வு, அதுக்கெல்லாம் ஒரு டேட்டாபேஸ் இங்க இருக்குன்னாங்க. அத பாக்கணுங்க" என்றாய்.

உசாத்துணைப் பகுதியில் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதுவரை அதை யாரும் கேட்டதில்லை. பல்கலைக்கழகம் ஒன்றோடு செய்துகொண்ட ஏற்பாட்டில் எங்களுக்கு வந்த வசதி அது. நகரங்களைப் பற்றியும் அவற்றின் ஓரத்தில் வாழும் சனங்களைப் பற்றியும் உலகமெல்லாம் எழுதப்பட்ட ஆய்வுகளை ஒரே இடத்தில் தேடி வாசிக்கலாம். எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி தந்தார்கள், பகலுக்குச் சோற்றுப் பார்சல் தந்தார்கள், சான்றிதழ் தந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கணினியில் தூசி படாதபடி நான் ஒரு பூப்போட்ட துணியைப் போட்டு மூடி வைத்துவிட்டேன். அந்தத் துணியை எடுத்து நாலாக மடித்து வைத்தவள் நீ.

"மாத்தளை" என்று தட்டினாய். மிளகு வந்தது, கொக்கோ வந்தது, குளங்கள் வந்தன, சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். யட்டவத்த வீதியில் இருக்கும் உங்கள் தோட்டத்தின் பெயரைத் தட்டினாய். ஒன்றுமில்லை. தோட்டத்து லயங்கள், தொழிலாளர் வரிசை வீடுகள் என்று தேடினாய். வந்த நாலைந்தும் வெள்ளைக்காரன் காலத்தைப் பற்றியவை. இருந்தார்கள், உழைத்தார்கள், மடிந்தார்கள் என்றே எல்லாம் போயிற்று. நீ கதிரையில் சாய்ந்து சிரித்தாய். "ராத்தா, இதுல பாத்தா நாங்கெல்லாம் செத்துப்போயிட்டோம் போல." நான் உன்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை. அதற்குள் நான் உனக்கு அக்கா, எங்கள் வழக்கில் ராத்தா, ஆகிவிட்டேன்.

அதன் பிறகு பகல் ஒரு மணிக்கு நீ வராத நாட்கள் குறைவு. அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை, கூடவே வெளிவாரியாகப் படிப்பு. உன் ரொட்டியும் கட்டச் சம்பலும் எனக்கு, என் சோறும் கறியும் உனக்கு. எங்கேயோ ரயில் பாதை ஓரத்தில் குடிசை போட்டவர்களைப் பற்றி வாசித்தாய். எங்கேயோ குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர்களைப் பற்றி வாசித்தாய். "அங்கயும் தண்ணிக் கொழாயில தான் சண்ட!" என்று உனக்கு ஒரே சந்தோஷம். தேடும் சொற்களுக்கு நடுவில் 'உம்' போடுவதா 'அல்லது' போடுவதா என்று நாம் சண்டை பிடித்ததில் பத்திரிகை வாசிக்க வந்தவர்கள் எழுந்து போனார்கள். 'உம்' போட்டால் முடிவுகள் குறையும், 'அல்லது' போட்டால் கூடும். அது பிடிபட்ட அன்று நீ சொன்னாய்: "நம்ம ஆளுங்களுக்கு எப்பவும் 'உம்' தான் போட்டிருக்காங்க ராத்தா. அடையாள அட்டையும் வேணும், காணி உறுதியும் வேணும், வெலாசமும் வேணும். கடைசியில யாரும் மிஞ்சறதில்ல."

ஒருநாள் துணியைப் போட்டு மூடிவிட்டு, "நம்மளே எழுதிப் போட்டா என்ன?" என்றாய். நான் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை உன்னோடு தையல் டேப்பைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றேன். வீட்டில் கேட்டதற்கு, சிநேகிதி வீட்டுக்கு விருந்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒருவகையில் உண்மைதான். அத்தனை வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள்.

நாலு லயம். மேலே இருந்த மூன்றும் தோட்டத்துப் பதிவேட்டில் உள்ளவை. நாம் வருவது தெரிந்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். தங்கள் வீட்டு நீள அகலத்தைத் தாங்களே சொன்னார்கள். நீ ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை கேட்டு எழுதினாய். பிறகு சரிவில் இறங்கிக் கடைசி லயத்துக்குப் போனோம். ஒன்பது கதவும் சாத்தியிருந்தன. அடுப்புப் புகை மட்டும் கூரைக்கு மேலே வந்துகொண்டிருந்தது.

அதிகாரிகளின் ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்பது அவர்களுடைய வழக்கம் என்றாய். "நாம நடந்து தானே வந்தோம்?" என்று கேட்டேன். என் கையிலிருந்த ஃபைலைக் காட்டினாய். "அதும் ஜீப்பு மாதிரி தான் ராத்தா." பிறகு சத்தமாக, "அம்மா, நாந்தான்" என்று கூப்பிட்டாய். நாலாவது கதவு திறந்தது.

உன் அம்மா அங்கேதான் இருந்தார். உன் அப்பா போன பிறகு, தோட்டத்தில் வேலை செய்ய வீட்டில் ஆளில்லை என்று மேல் லயத்து வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். மண் வெடித்ததால் தோட்டம் கைவிட்ட லயம் அது. கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வீடு இழந்தவர்கள், வேறு தோட்டத்திலிருந்து வந்தவர்கள், நோய்க்காரர்கள் என்று ஒன்பது குடும்பம் தாங்களே தகரம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. மின்சாரம் மூன்றாவது லயத்திலிருந்து ஒரு வயரில் வந்தது.

உன் அம்மா எனக்குப் பாய் போட்டார். உன்னிடம் சொன்னார்: "மேல இருக்கறவங்கள எழுதிக்க புள்ள. எங்கள எழுதாத. எங்கப்பா நம்பி எல்லாரு பேரயும் எழுதிக் குடுத்தாரு. எழுதினதுல பாதிப் பேர இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திட்டாங்க. எங்கக்கா அங்க, நான் இங்க. அதுக்கப்பறம் மொகம் பாக்கல. எழுதினா வந்து வயர வெட்டுவாங்க, அப்பறம் எங்கள வெட்டி விடுவாங்க." மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். நீ அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாய். பிறகு உன் பையிலிருந்து இந்த சீ.ஆர். கொப்பியை எடுத்து, தனியாக ஒன்பது வீட்டையும் எழுதினாய். "இது ஆய்வுக்கு இல்ல ராத்தா. இவங்க இருக்காங்கன்னு எனக்காக." யாருக்கும் காட்டுவதில்லை என்ற பேச்சில் அவர்களும் பெயர் சொன்னார்கள்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஆய்வு முடிந்தது. தரவுத்தளத்தில் சேர வேண்டுமென்றால் ஒரு சிறிய சுருக்கம் ஆங்கிலத்தில் வேண்டும். தேடுகிறவர்கள் பெரும்பாலும் அதை மட்டும்தான் வாசிப்பார்கள். உன் ஆங்கிலம் போதாது என்று நீ நினைத்தாய், என் ஆங்கிலம் போதும் என்று நான் நினைத்தேன். விசைப்பலகையில் உட்கார்ந்தது நான். கடைசி லயத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்றாய். நாலு லயம் என்று தலைப்பில் சொல்லிவிட்டு மூன்றுக்கு விபரம் தந்தால் கேட்பார்கள் என்றேன். அப்படியானால் "பார்க்கவில்லை" என்று போடலாம் என்றாய். அரைகுறை வேலை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன். நூலகக்காரியின் திமிர். வெற்றிடமாக ஒரு கட்டத்தை விட எனக்குக் கை வராது. கடைசி லயத்தில் ஆளில்லை என்று ஒரு வரி தட்டினேன்.

நீ அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாய். "பொய் தானே ராத்தா?"

"பொய் இல்ல. இது அவங்களுக்குப் பாதுகாப்பு. ஆளில்லாத இடத்துக்கு யாரும் வயர் வெட்ட வர மாட்டாங்க."

"ஒங்களுக்குத் தெரியாததா" என்றாய். அனுப்பும் பொத்தானை நீதான் அமுக்கினாய்.

உன் பெயர் தரவுத்தளத்தில் வந்த நாளை நான் மறக்கவில்லை. பெயரைத் தட்டினாய், ஒரு முடிவு என்று காட்டியது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாய். மறுபடி ஒரு முடிவு. பத்துத் தடவையாவது செய்திருப்பாய். அடுத்த நாள் மாரியம்மன் கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்து என் மேசை லாச்சியில் வைத்தாய், எறும்பு பிடித்தது. முதல் பக்கத்தை அச்செடுத்து உன் அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். ஆய்வின் கடைசியில் நன்றி என்று என் பெயரும் இருந்தது. எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு உனக்குக் கலேவெலவுக்கு மாற்றம். பிறகு டெங்கு. ஆறே நாள். ஆஸ்பத்திரியில் நான் வந்தபோது உதடு வெடித்துக் கிடந்தாய். "அந்த டேட்டாபேஸுக்கு இந்த வருஷமும் பதிஞ்சாச்சா ராத்தா?" என்று கேட்டாய். பதிந்தாயிற்று என்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. உன்னைக் கொண்டுபோன அன்று உங்கள் பெண்களுக்குப் பின்னால் நின்று நான் எனக்குத் தெரிந்த துஆவை ஓதினேன்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு சிங்களப் பிள்ளை நூலகத்துக்கு வந்தது. உன் வயதுதான் இருக்கும். திட்டமிடல் காரியாலயம் ஒன்றில் வேலை. டவுனின் விளிம்பில் உள்ள குடியிருப்புகளைப் பற்றி ஏதாவது ஆய்வு இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். துணியை எடுத்தேன், உன் பெயரைத் தட்டினேன், அச்செடுத்தேன், மூலையில் ஊசியும் குத்திக் கொடுத்தேன். "இத எழுதினது என்ட தங்கச்சி" என்றேன். உன்னை யாரோ தேடி வந்த மாதிரி அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

அடுத்த மாதம் திட்டத்தின் வரைபடம் காரியாலயச் சுவரில் ஒட்டப்பட்டது. சந்தைக்கு வரும் லொறிகளுக்குத் தரிப்பிடம். கடைசி லயம் இருந்த இடத்தில் வெறும் மஞ்சள் நிறம்.

ஆட்சேபணை கேட்கும் கூட்டத்துக்கு உங்கள் ஆட்கள் வந்திருந்தார்கள், நானும் போயிருந்தேன். இந்த ஒன்பது குடும்பமும் ஆய்வுக்குப் பிறகு வந்து குந்தியவர்கள், அதனால் மாற்று வீடு கொடுக்க வழியில்லை என்று காரியாலயத்தார் சொன்னார்கள். நேரில் போய்ப் பார்த்தோம், கதவெல்லாம் சாத்தியிருந்தது என்றார்கள். ஜீப்பில்தான் போயிருப்பார்கள். பிறகு உன் ஆய்வின் சுருக்கத்தைத் திரையில் காட்டினார்கள். அதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. நூலகத்து மிஸ் இருக்கிறாரே என்றார்கள்.

நான் எழுந்து வாசித்தேன். கடைசி லயத்தில் ஆளில்லை. நான் எழுதிய வரியை, அந்த லயத்து ஆட்களைப் பார்த்து, என் வாயாலேயே வாசித்தேன்.

சந்திரன் எழுந்தான். சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமி, கடைசி லயத்து முதல் வீட்டுக்காரன். உனக்குத் தெரியும். "யாரு எழுதினது அத?" என்று என்னைத்தான் கேட்டான்.

உன் பெயரைச் சொன்னேன்.

"நம்ம புள்ளையா? பெத்த தாயவே இல்லன்னு எழுதிட்டாளா?" உன் அம்மா இரண்டாவது வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். எழுதாதே என்று கேட்டது தாங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உன்னைப் பொய்க்காரி என்று சபையில் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாராம், பிறகு சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து, அவர்கள் தந்த பிளேன்டியைக் குடித்தேன். சீனி கூட என்று நினைத்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு கடைசி லயத்தில் உன் அம்மாவோடு யாரும் பேசவில்லை. குழாயடியில் அவருடைய குடத்தை வரிசையிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்தார்கள். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து வேளையும் தொழுதேன், ஒரு வேளைகூடத் தொழுகையில் மனம் நிற்கவில்லை. இந்தக் கொப்பி கிடைத்தால் போதும் என்று கலேவெலவில் நீ தங்கியிருந்த வீடு வரை பஸ் ஏறிப் போய்வந்தேன். அங்கே இல்லை. பிறகுதான் நீ ஒருமுறை கேலியாகச் சொன்னது நினைவு வந்தது: "லைப்ரரியில வச்சா பத்திரம் ராத்தா. அங்க தான் யாரும் எதையும் தொறக்கறதில்ல." களஞ்சிய அறையில் பழைய அரசாங்க வர்த்தமானிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். பன்னிரண்டாவது பெட்டியில் கராம்பு மணந்தது. பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன், பிறகு உன்னை நன்றாக ஏசினேன்.

ஒன்பது வீடும் இருந்தன. பெயர், வயது, யாருக்கு இருமல், யார் எந்த வகுப்பு, எந்த வீட்டில் அடுத்த மாதம் குழந்தை பிறக்கும் என்பது வரை. எனக்கென்று ஒரு வரி எழுதியிருப்பாயா, பரவாயில்லை ராத்தா என்று எங்காவது இருக்குமா என்று கடைசித் தாள் வரை புரட்டினேன். இல்லை. ஆனால் ஒவ்வொரு தாளிலும் எங்கள் நூலகத்துத் திகதி முத்திரை, ஆய்வு நடந்த மாதத்துத் திகதியோடு இருந்தது. சோறு தின்று முடித்துவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி என் முத்திரையை எடுத்துக் கண்டதிலெல்லாம் குத்திக்கொண்டிருப்பாயே, அது. மை வீணாகிறது என்று எத்தனை முறை உன் கையில் தட்டியிருக்கிறேன். அன்று அந்த முத்திரையை முத்தமிட்டேன்.

காட்டுவதில்லை என்ற உன் சத்தியம் இருந்ததே. அதனால் முதலில் உன் அம்மாவிடம் போனேன். அந்த வரியை எழுதியது நான் என்று சொன்னேன். பாய் போட்டார், தேத்தண்ணி தரவில்லை. பிறகு, "எங்கிட்ட சொல்லி என்னா புள்ள பிரயோசனம்? கொழாயடியில வந்து சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். குடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள், நான்தான் எழுதினேன், கூட்டத்தில் அவள் தலையில் போட்டேன். சந்திரன் கேட்டான்: "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். "நாங்களும் பயந்து தான் அன்னிக்குப் பேரு வேணான்னு சொன்னோம்" என்றான். மன்னித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கொப்பியைக் காட்டச் சொல்லி ஒன்பது வீடும் சம்மதித்தது. உன் அம்மாவின் குடத்தை யாரோ வரிசைக்குள் திரும்ப வைத்திருந்தார்கள்.

காரியாலயத்துப் பிள்ளை கொப்பியை ஒவ்வொரு தாளாகப் பார்த்தது. முத்திரையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு கவலையோடு, "இந்த முத்திரை உங்கட மேசையில தானே மிஸ் இருக்கு? எந்தத் திகதியும் எப்பவும் குத்தலாம் என்று சொல்லுவாங்களே" என்று சிங்களத்தில் சொன்னது. ஆய்வு அந்தத் தரவுத்தளத்தில் இருக்கும் வரை தாங்கள் அதைத்தான் எடுக்க வேண்டும், முதலில் அதைத் திருத்துங்கள் என்றது. அந்த வரியை எழுதியது நான் என்றேன். எழுத்தில் தருவீர்களா என்றது. தந்தேன். அதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மேலிடத்துக் கடிதம் வந்திருக்கிறது, அது கிடக்கட்டும்.

தரவுத்தளக்காரர்களுக்கு எழுதினேன். ஒரு கிழமையில் பதில் வந்தது. திருத்தம் வேண்டுமானால் ஆய்வாளர் கையொப்பமிட வேண்டும். ஆய்வாளர் உயிரோடு இல்லையென்றால் திருத்த முடியாது. வாரிசு கேட்டால் ஆய்வை முழுதாக நீக்கலாம். நான் நன்றி வரியில் இருப்பவள். நான் எழுதிய ஒரே ஒரு வரியைத் தொட எனக்கு உரிமை இல்லை. உன்னை முழுதாக அழித்தால்தான் அது அழியும்.

அந்தப் படிவத்தோடு உன் அம்மாவிடம் போன பஸ்ஸில் இறங்கிவிடலாமா என்று மூன்று தரிப்பிலும் நினைத்தேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா எம் புள்ள பேரு அதுல இருந்து போயிருமா?"

"போயிரும் அம்மா."

"ஒலகம் பூராவும்?"

"ம்."

சுவரைப் பார்த்தார். கண்ணாடிக்குள் உன் முதல் பக்கம், பக்கத்தில் நீ. "அவ இருந்திருந்தா போட்டிருப்பாளா?"

"என்னைக் கேக்காமலே போட்டிருப்பா."

நீ பழக்கிக் கொடுத்த எழுத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் பேனையைத் தூக்கி வைத்து, லெச்சுமி என்று போட்டார். விலாசம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். "கடைசி லயம், நாலாம் வீடு" என்று நான் எழுதினேன். அதை எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னார். பிறகு மெதுவாக, "செவத்துல இருக்கறதயும் எடுத்துரணுமா புள்ள?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

போன கிழமை நீக்கிவிட்டார்கள். துணியை எடுத்துவிட்டு உன் பெயரைத் தட்டினேன். முடிவுகள் எதுவும் இல்லை. அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

இதனால் கடைசி லயம் பிழைக்குமா? தெரியாது. ஆளில்லை என்று சொல்லும் தாள் இப்போது இல்லை, ஆள் இருந்தார்கள் என்று அவர்கள் ஏற்கும் தாளும் இல்லை. உன் ஆய்வைச் சான்றாக இணைத்துக் காணி உறுதிக்கு விண்ணப்பித்த மேல் லயத்தாரின் கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. நேற்று அவர்களில் ஒருவர் நூலகத்துக்கே வந்து, அத்தனை பேருக்கு முன்னால் என்னை ஏசிவிட்டுப் போனார். அவர் ஏசியதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஒரு வரி எழுதி ஒன்பது வீட்டை அழித்தேன், அதைச் சரிசெய்யப் போய் உன்னையும் அழித்தேன், இப்போது மேலே உள்ளவர்களையும் ஆட்டிவிட்டேன். யா அல்லாஹ், இனி எதைத் தொடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மறுபடி அளக்க வருகிறார்கள். இந்த முறை கதவைச் சாத்துவதில்லை என்று கடைசி லயத்தார் பேசி வைத்திருக்கிறார்கள். "சும்மா தொறந்து வச்சிட்டு நிக்கணும், அவ்வளவுதான். ஆனா ஜீப்பு சத்தம் கேட்டா கை தன்னால போகுது" என்றான் சந்திரன். நான் விடுமுறை போட்டிருக்கிறேன். கொப்பியோடு போய் வாசலில் நிற்பேன், பெயர்களை வாசிக்கச் சொன்னால் வாசிப்பேன். என் கைப்பையில் உன் கராம்பு இரண்டு இருக்கிறது. "ஒங்களுக்குத் தெரியாததா" என்று நீ சொன்னதும் இருக்கிறது. அதை இறக்கி வைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

இன்று பகல் ஒரு மணிக்கு, எங்கள் நூலகத்துப் பட்டியலில் உன் கொப்பியைப் பதிந்தேன். அதற்கு நான் யாரிடமும் கையொப்பம் கேட்க வேண்டியதில்லை. ஆசிரியர் என்ற இடத்தில் உன் பெயர். உள்ளடக்கம் என்ற இடத்தில் ஒன்பது வீட்டுப் பெயர்களும், நாலாவதாக லெச்சுமி. கடைசியில் சுருக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. நிரப்பாவிட்டால் கணினி சும்மா விடாது, இரண்டு தடவை கேட்ட பிறகுதான் பதியும். இரண்டு தடவையும் கேட்டது. நான் ஒன்றும் எழுதவில்லை.